கிணற்று மோட்டாரை யார் போடுவது?

போன ஐப்பசி மழையில் ஓர் இரவு, மணி இரண்டு இருக்கும், இவர் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இவருக்கு 71 வயது, 78 கிலோ. எனக்கு 66 வயது, 52 கிலோ. ஆயுசு முழுக்கக் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். ஆனால் இந்த ஒரு கணக்கை மட்டும் அதுவரை போட்டுப் பார்த்ததில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தேன், அசையவில்லை. அடுத்த வீட்டுத் தம்பியைப் போனில் எழுப்பினேன். கேட் சாவி கைக்கு அகப்படவில்லை என்பதால் அவன் சுவரேறிக் குதித்து வந்து இவரைத் தூக்கி உட்கார வைத்தான். அதற்குள் அரை மணி நேரம் ஈரத்தரையில் கிடந்துவிட்டார். நல்ல வேளை, இடுப்புக்கு ஒன்றுமில்லை. மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்றார். மறுநாள் வீடியோ காலில் கட்டு அதுவாகவே தெரிந்துவிட்டது.

மகள் சிட்னியில் இருக்கிறாள், மகன் பூனாவில். அவர்களுக்குள் என்ன பேசினார்களோ, நான்காம் நாள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. கோயம்புத்தூர் பக்கம் ஒரு 'சீனியர் லிவிங்' வளாகம். பின்னால் மலை, முன்னால் புல்வெளி, நடுவில் நரைத்த தலையோடு ஒரு ஜோடி சிரித்துக்கொண்டே காபி குடிக்கிறது. இவர் போனை என்னிடம் நீட்டி, "ஏளா, நம்மள முதியோர் இல்லத்துல சேக்கப் பாக்குதுங்க" என்றார்.

முதியோர் இல்லம் என்றால் நம் எல்லோருக்கும் ஒரே படம்தான் மனதில் வரும். வரிசையாக இரும்புக் கட்டில், யார் பிறந்தநாளுக்கோ வந்த சாம்பார் சாதம், வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பாட்டி. இது அது இல்லை என்பதை இவருக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. எனக்கே புரிய அங்கே போய் 12 நாள் தங்க வேண்டியிருந்தது.

கோவையில் இந்த மாதிரி வளாகங்கள் ஏன் இத்தனை என்று முதலில் எனக்கு ஆச்சரியம். வடவள்ளி, தொண்டாமுத்தூர், பேரூர் பக்கம் போனால் ஒன்று விட்டு ஒன்று கண்ணில் படும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றால் வெயில் எங்கள் பாளையங்கோட்டை போலக் கொல்லாது. சிறுவாணித் தண்ணீர் இருக்கிறது. ஊருக்குள் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள், வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்திறங்க பீளமேட்டில் விமான நிலையம். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அந்த விளம்பரங்கள் நம்மைப் பார்த்துப் பேசுவது போல இருந்தாலும், பேசுவது உண்மையில் நம் பிள்ளைகளோடுதான்.

தை மாதம் நாகர்கோவில் – கோவை இரவு ரயிலைப் பிடித்துப் போனோம். வளாகத்தின் பெயர் வேண்டாம். புகழ்வதற்கும் இல்லை, திட்டுவதற்கும் இல்லை. விருந்தினர் அறையில் நாளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தங்கவைக்கிறார்கள். இதைப் பற்றி யோசிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணி எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்தது. மேற்கே மலைமேல் மேகம். ஏதோ ஒன்று குறைகிறதே என்று படுத்தபடியே யோசித்தேன். மாவு புளித்திருக்குமா, தேங்காய் இருக்கிறதா, நேற்றுக் குழம்பைச் சுடவைக்கலாமா என்று கண் திறக்கும்போதே ஓடும் அந்த யோசனை அன்றைக்கு வரவில்லை. கல்யாணமாகி 41 ஆண்டில் அது வராத முதல் காலை. 2017இல் 58 வயதில் எனக்குப் பள்ளியில் பிரிவு உபசாரம் நடத்தினார்கள். பொன்னாடை, மாலை, ஒரு சுவர்க்கடிகாரம். மறுநாள் காலை இட்லி ஊற்றியது நான்தான். ஓய்வு என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எட்டு ஆண்டு கழித்து அந்த விருந்தினர் அறைக் கட்டிலில்தான் தெரிந்தது.

அங்கே என்னோடு பேசிய பெண்களில் ஏறக்குறைய எல்லோருமே இதை ஏதோ ஒரு விதத்தில் சொன்னார்கள். ஒருவர் வீணை பழகிக்கொண்டிருந்தார், 74 வயதில். ஆண்கள் கதை வேறு. மத்தியானத்தில் அதே நாளிதழை இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். ஊரில் இருந்தால் ஒரு ஃபியூஸ் போடலாம், தென்னைக்கு ஆள் கூப்பிடலாம், வங்கிக்குப் போய்ச் சண்டை போடலாம். இங்கே பல்பு போனால் ரிஜிஸ்டரில் எழுதினால் போதும், ஆள் வந்து மாற்றிவிடுகிறார். தொலைபேசித் துறையில் கம்பமேறி வேலை பார்த்த மனிதர் ஒரு பல்பு மாற்றுவதை நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததை நான் பார்த்தேன். எனக்கே பாவமாக இருந்தது.

அப்புறம் சாப்பாடு. இவருக்கு இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு. அங்கே ஏழு மணிக்கு டைனிங் ஹால், எட்டரைக்கு விளக்கை அணைத்துவிடுகிறார்கள். சரி, அது பழகிவிடும். மீன்தான் பழகாது. பாளையங்கோட்டையில் வாரத்துக்கு மூன்று நாள் டிவிஎஸ்ஸில் தூத்துக்குடி மீன் வாசலுக்கே வரும். சாளையோ பாறையோ, பேரம் பேசி வாங்குவது இவர் வேலை. நாங்கள் விசாரித்த வளாகங்களில் பல சுத்த சைவம். சொந்த வீட்டுக்குள் சமைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "தடை எதுவும் இல்லீங்க மேடம், ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க..." என்று இழுத்தார் அலுவலகப் பெண். அந்த இழுப்பில் இருப்பது மீன் வாசம் மட்டும் இல்லை என்பது நம் ஊரில் யாருக்கும் தெரியும். முதல் நாள் சாயங்காலமே ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று ஆரம்பித்துவிட்டு, கடைசியில் "நீங்க யாரு?" என்றார். இவர் கொஞ்சமும் யோசிக்காமல், "நாங்க டெலிபோன்ஸ்" என்றார்.

கட்டடம், புல்வெளி, யோகா ஹால் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் காட்டுவார்கள். யாரோடு உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம் என்பதை யாரும் காட்ட மாட்டார்கள். அதை நாமேதான் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எட்டாம் நாள் இரவு ஆம்புலன்ஸ் வந்தது. காலையில் டைனிங் ஹால் வாசல் பலகையில் ஒரு பெயர், வீட்டு எண், தகனம் எத்தனை மணிக்கு என்று மூன்று வரி. காபி குடித்து முடிக்கும் வரை யாரும் பேசவில்லை. பத்து மணிக்கு வேனில் பதினைந்து பேர் போனார்கள். வெளிநாட்டில் இருந்த மகனுக்கு ஒருவர் போனைப் பிடித்துக் காட்டினார். இதைக் கேட்டால் பயமாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் தெருவில் இப்போது பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. அங்கே யாராவது போய்ச் சேர்ந்தால் வேன் நிறைய ஆள் வருமா என்று யோசித்துப் பார்த்தேன்.

என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. நடைப்பயிற்சியில் பழக்கமான ஒரு அம்மா, திருச்சிக்காரர். காலைச் சாப்பாட்டில் பரிமாறுகிறவர் அவர் வீட்டுக்காரரிடம் எது கேட்டாலும் இந்த அம்மாதான் பதில் சொல்வார். சர்க்கரை வேண்டாம், இன்னொரு இட்லி வையுங்கள் என்று. பேச்சில் முந்திக்கொள்கிற பெண் போல என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் அந்த மனிதர் சாவியோடு எங்கள் அறைக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். பின்னாலேயே அந்த அம்மா ஓடி வந்தார். அன்று சாயங்காலம் நடக்கும்போது, "மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க டீச்சர்" என்றார். "ஞாபகம் போகுதுன்னு தெரிஞ்சா அந்த பிளாக்குக்கு மாத்தச் சொல்லுவாங்க. நான் கூடப் போய் இருக்க முடியாது. ரெண்டு எடத்துக்கும் பணம் கட்டணும்."

'அந்த பிளாக்' என்று சொல்லும்போது அங்கே எல்லோருக்கும் குரல் தாழ்ந்துவிடும். அது அசிஸ்டட் லிவிங். குளிக்க, உடுத்த, மாத்திரை விழுங்க ஆள் உதவி தேவைப்படுகிறவர்களுக்கு. அதற்கும் அடுத்தபடி படுக்கையில் இருப்பவர்களுக்கான நர்சிங் பிரிவு. நாங்கள் பார்க்கப் போனதன் பெயர் இண்டிபெண்டன்ட் லிவிங். அந்த முதல் சொல்லை நான் சரியாகப் படிக்கவே இல்லை. அவர்கள் நம்மைப் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள், சமைப்பார்கள், பட்டனை அமுக்கினால் வருவார்கள். நம்மை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், முடிகிற வரை. முடியவில்லை என்று தீர்மானிப்பது யார்? ஒப்பந்தத்தை வாங்கி அன்றிரவே படித்தேன். தன் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் நிலையில் இருப்பவர்தான் குடியிருக்கலாம், அந்த நிலை மாறினால் நிர்வாகத்தின் முடிவே இறுதியானது என்று பன்னிரண்டாவது பக்கத்தில் இருந்தது. அதற்கு மேல் விவரம் இல்லை. எந்த டாக்டர் சொல்ல வேண்டும், எத்தனை நாள் அவகாசம், அந்த பிளாக்கில் இடம் இல்லாவிட்டால் என்ன, வீட்டிலேயே சொந்தச் செலவில் ஆள் வைத்துக்கொள்ளலாமா, எதுவும் இல்லை. புல்வெளியை விட்டுவிட்டு இந்த நாலு கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றிய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் ஓய்வு இல்லங்களுக்கென்று மாதிரி நெறிமுறைகள் வெளியிட்டது. சறுக்காத தரை, கைப்பிடி, சக்கர நாற்காலி போகிற கதவு, ஸ்ட்ரெச்சர் கொள்ளும் லிஃப்ட், கட்டுகிறவரும் சேவை தருகிறவரும் குடியிருப்பவரும் சேர்ந்து போடும் முத்தரப்பு ஒப்பந்தம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அது மாதிரிதான், சட்டம் இல்லை. கட்டடத்துக்கு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின், பதிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். ரசம் உப்புக் கரித்தால் ரெராவிடம் போக முடியாது.

பணத்துக்கு வருவோம். இது எனக்குப் பிடித்த இடம். பொதுவாக மூன்று வழி. சொந்தமாக வாங்கலாம், பத்திரம் நம் பெயரில், நமக்குப் பின் பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் வயது வரம்பு இருப்பதால் அவர்கள் வந்து குடியிருக்க முடியாது. விற்கலாம் என்றால் வாங்குகிறவரும் வயதானவராக இருக்க வேண்டும். சில இடங்களில் கைமாற்றுக் கட்டணம் வேறு. இரண்டாவது, பெரிய தொகையை டெபாசிட்டாகக் கொடுத்துவிட்டு ஆயுள் வரை இருப்பது. எவ்வளவு திரும்ப வரும், எத்தனை மாதத்தில், யார் கைக்கு என்பதைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, மாத வாடகைக்கு இருப்பது.

எந்த வழியில் போனாலும் மாதக் கட்டணம் உண்டு. பராமரிப்பு, இரண்டு பேர் சாப்பாடு, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து எங்களுக்குச் சொன்ன கணக்கு மாதம் 32,000 ரூபாய் சொச்சம். இரண்டு பென்ஷன் வருகிறது, சமாளிக்கலாம் என்றார் இவர். நான் நோட்டை எடுத்தேன். கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் ஒன்பது ஆண்டில் அது இரட்டிப்பு; என்னுடைய 75ஆம் வயதில் 64,000, 84இல் 1,28,000. பென்ஷனும் அகவிலைப்படியோடு ஏறும், 80 வயதில் அடிப்படையில் 20 சதவீதம் கூடும், சரிதான். ஆனால் எங்களில் ஒருவர் போய்விட்டால் போனவரின் பென்ஷன் குடும்ப ஓய்வூதியமாகச் சுருங்கும். கடைசிச் சம்பளத்தில் பாதியாக இருந்தது 30 சதவீதமாகும். பராமரிப்புக் கட்டணமோ வீட்டுக்கு இவ்வளவு என்பது; ஆள் பாதியானால் அது பாதியாகாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், இப்போதைய 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய். அது இன்றைய செலவுக்குத் தோள் கொடுக்கும். ஆனால் அசல் அப்படியே நிற்க, கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். இப்போது கையில் இருப்பதைப் பார்க்காதீர்கள். ஒற்றை ஆளாக 80 வயதில் நிற்கும்போது மாதக் கடைசியில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள்.

பாளையங்கோட்டை வீட்டை விற்று அங்கே வாங்கிவிடலாம் என்பது மகனின் யோசனை. எங்கள் வக்கீல் வேண்டாம் என்றார். பிள்ளைகளுக்கு இப்போதே செட்டில்மெண்ட் எழுதுகிற எண்ணமும் வேண்டாம் என்றார். அப்படி எழுதத்தான் வேண்டுமென்றால் எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டுமாம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்க அதுதான் பிடி. இவருக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. நம்ம பிள்ளைங்க மேல கேஸா என்று எழுந்து போய்விட்டார். எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் குறித்து வைத்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு மாதம் இதைப் பற்றிப் பேசவே இல்லை. குளியலறையில் கைப்பிடி போட்டோம், சொரசொரப்பான டைல்ஸ் மாற்றினோம், கேட் சாவியில் ஒன்றை அடுத்த வீட்டுத் தம்பியிடம் கொடுத்தோம். செலவு 20,000 ரூபாய்கூட ஆகவில்லை. வீட்டிலேயே இருந்துவிடத் தீர்மானிக்கிறவர்கள் விழுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

ஆனால் ஒன்று என்னை விடவில்லை. இருவரும் நடமாடிக்கொண்டிருக்கும்வரை எங்களுக்கு அந்த இடம் தேவையில்லை. ஒருவர் மட்டும் மிஞ்சும்போது தேவை. அந்த மிஞ்சியவர் 79 வயதில், துக்கத்தோடு, இரண்டு பெட்டியோடு தனியாகப் போய் இறங்கி, யார் பக்கத்தில் உட்காரலாம் என்று டைனிங் ஹாலில் தட்டோடு நிற்பது எப்படி இருக்கும்? அதற்குள் முழங்காலோ ஞாபகமோ போயிருந்தால் முதல் பிளாக்கில் சேர்க்கவும் மாட்டார்கள். தேவை இல்லாத காலத்தில்தான் போக முடியும். தேவைப்படும் காலத்தில் போக முடியாது. நாற்பது வருடம் சமன்பாடு போட்ட எனக்கு இதற்கு விடை கிடைக்கவில்லை. கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டேன். நாம் இருவரும் அங்கே சந்தோஷமாக இருப்போமா என்பதை விட்டுவிட்டு, மிஞ்சப் போகிறவர் யார், அவருக்கு எது நல்லது என்று கேட்டுப் பார்த்தேன்.

ஒரு ராத்திரி இதை இவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் மிஞ்சுனா இங்கதாம் இருப்பேன். கஞ்சி காச்சிக் குடிச்சுக்கிடுவேன்" என்றார். அப்புறம், "நீ மிஞ்சுனா?" என்றார்.

எனக்கு அங்கே பிடித்திருந்தது என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். சொல்லும்போது ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி இருந்தது.

வாங்கவில்லை. ஆறு மாத வாடகை. தரைத்தளம், முன்னால் கொஞ்சம் மண். பிள்ளைகளுக்கு அதிருப்திதான், சொந்தமாக வாங்கிவிட்டால் ஒரு கவலை தீரும் என்பது அவர்கள் கணக்கு. கவலை தீர்வது அவர்களுக்கு, கத்திரிச்செடி வைக்க வேண்டியவர் இவர். இவர் போட்ட ஒரே நிபந்தனை ஞாயிற்றுக்கிழமை மீன் பற்றியது. விருந்தினராக இருந்தபோதே ஒரு நாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தவர் இவர். ஒன்றும் வாங்கவில்லை. "எல்லாம் ஐஸு மீனு. கண்ணப் பாத்தாலே தெரியுது" என்றார், ஆனால் அன்றைக்கு முழுக்க முகம் தெளிவாக இருந்தது.

வைகாசியில் கிளம்புகிறோம். நேற்று அடுத்த வீட்டுத் தம்பி வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தான். முருங்கையை வெட்டிவிடட்டுமா என்றான், வேண்டாம் என்றோம். "கெணத்து மோட்டார ஓட்டாம வச்சா எறுகிரும் டீச்சர். வாரத்துக்கு ஒருக்கா போட்டு விடட்டா?" என்றான். மோட்டார் அறைச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இவர் இன்னொரு சாவியைத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். கோயம்புத்தூருக்குப் போகிற பெட்டி.